காகிதக் கைவினை, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காகிதத்தில் ஏதாவது செய்து வீட்டுச் சுவரிலோ அலுவலக மேசையிலோ வைக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் டிசைனைப் பற்றித்தான் கேட்பார்கள். வேலை கெட்டுப்போவதோ முக்கால்வாசி நேரம் தாளால்தான். அதனால் தாளைப் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ரொம்பக் கொஞ்சம். கூர்மையான கத்தரிக்கோல், மழுங்கிய நுனியை உடைத்துப் போட்டுவிட்டுத் தொடரும் கட்டர், இரும்பு ஸ்கேல், பென்சில், பசை, அப்புறம் மை தீர்ந்துபோன ஒரு பால்பாயிண்ட் பேனா. அந்தப் பேனா எதற்கு என்று பின்னால் வரும்.

பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம். கட்டர் அதன் ஓரத்தைச் சீவிவிடும். பிறகு அந்த ஸ்கேலில் நேர்கோடே வராது. அடியில் வைக்க கட்டிங் மேட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தடித்த அட்டை ஒன்று போதும். ஆனால் முன்பு விழுந்த கீறல் பிளேடைத் தன் பக்கம் இழுக்கும் என்பதால், அட்டையை அவ்வப்போது திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். பூ வடிவில் ஓட்டை போடும் பஞ்ச், ஓரத்தை வளைவு வளைவாக வெட்டும் கத்தரிக்கோல் எல்லாம் கடையில் பார்க்க அழகாக இருக்கும். வாங்கினால் இரண்டு தடவை பயன்படுத்திவிட்டு டிராயரில் போட்டுவிடுவோம்.

தாள் கட்டில் 80 ஜி.எஸ்.எம்., 200 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கிறதே, எதை எடுப்பது?

ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை இருக்கும் என்பதுதான் அந்த எண். பிரிண்டரில் போடும் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். வரை இருக்கும். பதினாறு ஏ4 தாள்களைச் சேர்த்தால் ஒரு சதுர மீட்டர். ஆக 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம்.

நிறைய மடிப்புகள் வரும் வேலைக்கு 60 முதல் 80 வரை சரி. அதற்கு மேல் போனால், ஐந்தாறு மடிப்பு சேரும் இடத்தில் தாள் தடித்துக்கொண்டு முனை கூராக வராது. வாழ்த்து அட்டை, சிறு பெட்டி, மேசையில் நிற்க வைக்கும் பெயர்ப் பலகை போன்றவற்றுக்கு 200 முதல் 300 வரை. இடைப்பட்ட 120 முதல் 160 வரை உள்ள தாளை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கோ அதுதான் பிடிக்கும். வெட்டினால் ஓரம் சுத்தமாக வருகிறது, சுவரில் ஒட்டினால் தொங்குவதில்லை, சுருட்டினாலும் வளைந்து கொடுக்கிறது. ஒரே ஒரு கட்டுதான் வாங்க முடியும் என்றால் 120 வாங்குங்கள்.

ஒரே தாளை ஒரு பக்கம் மடித்தால் அழகாக மடிகிறது, மறுபக்கம் மடித்தால் பிசிறடிக்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இயந்திரத்தில் தாள் உருவாகும்போது கூழில் இருக்கும் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அப்போதே முடிவாகிவிடும். இழை போகும் திசையிலேயே மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி விழும். குறுக்கே மடித்தால் நார்கள் உடைய வேண்டியிருப்பதால் ஓரம் வெடிக்கும். தடித்த அட்டையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கண்டுபிடிக்க எளிய வழி: அட்டையின் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து, உடையாமல் மெதுவாக உள்பக்கம் வளைத்துப் பாருங்கள். பிறகு கால்வட்டம் திருப்பி, அடுத்த இரண்டு ஓரங்களையும் அப்படியே வளையுங்கள். ஒருமுறை கை எதிர்ப்பை உணரும், ஒருமுறை லேசாக வளைந்துவிடும். எளிதாக வளைந்தபோது அந்த வளைவின் முதுகு எந்தத் திசையில் நீண்டிருந்ததோ, அதுதான் இழை ஓடும் திசை. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். இழையோடு கிழித்தால் ஏறக்குறைய நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாகப் போகும். செய்தித்தாளில் இதை உடனே பார்க்கலாம்.

கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாட்டில் ஓடும். எனவே ஏ4 அட்டையை நீளவாட்டில் இரண்டாக மடித்தால் சுலபம். வாழ்த்து அட்டைக்காகக் குறுக்கே மடிக்கும்போதுதான் தகராறு. உருளை வடிவ விளக்கு மூடி, பேனா வைக்கும் குழல் போன்றவற்றுக்கு இழை மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டிக்கொண்டால் தாள் தானாகவே வட்டமாக வளையும். மாற்றி வெட்டினால் அங்கங்கே உடைந்து, வட்டத்துக்குப் பதில் பலகோணம் கிடைக்கும்.

அட்டையை இழைக்குக் குறுக்கேதான் மடித்தாக வேண்டும் என்றால்?

இங்கேதான் அந்த மை தீர்ந்த பேனா. மடிக்க வேண்டிய கோட்டில் இரும்பு ஸ்கேலை வைத்து, பேனா முனையால் அழுத்தி இரண்டு மூன்று தடவை கோடு இழுங்கள். தாள் கிழியக் கூடாது, பள்ளம் மட்டும் விழ வேண்டும். பிறகு பள்ளம் வெளிப்பக்கம் வரும்படி மடியுங்கள். பள்ளம் உள்ளேதானே வரவேண்டும் என்று தோன்றும். கைகூட அப்படித்தான் போகும். வெளிப்பக்கம் வந்தால்தான் மேல்புறத்து நார்கள் இழுபட்டு உடையாமல் தப்பிக்கும். மடித்தபின் மேலே ஒரு வெற்றுத் தாளை வைத்து, ஸ்கேலின் தட்டைப் பக்கத்தால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். நகத்தால் நேராகத் தேய்த்தால் வண்ண அட்டையில் பளபளப்பான தடம் விழுந்துவிடும்.

கட்டரால் வெட்டும்போது கோடு விலகிவிடுகிறது.

ஒரே வீச்சில் வெட்டப் பார்க்கிறீர்கள். லேசாக மூன்று நான்கு தடவை ஓட்டுங்கள். ஸ்கேலை எப்போதும் நமக்கு வேண்டிய பகுதியின் மேல் வையுங்கள். அப்போது கை வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் வெட்டுப்படும். உள்ளே ஜன்னல் ஜன்னலாக வெட்டும் டிசைன் என்றால் முதலில் உள்வெட்டுகளை முடித்துவிட்டு வெளிக்கோட்டைக் கடைசியாக வெட்டுங்கள். வெளிக்கோடு முதலில் போய்விட்டால் தாளைப் பிடிக்க இடமிருக்காது. கத்தரிக்கோலில் வளைவு வெட்டும்போது கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்புங்கள்.

பசை தடவினால் தாள் அலை அலையாகச் சுருங்குகிறதே?

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் நார் உப்பும். அதுவும் இழைக்குக் குறுக்கே அதிகமாக உப்பும். உலரும்போது திரும்பச் சுருங்கும். அந்த இழுபறிதான் அலை. சின்ன இடங்களுக்குப் பல்குத்தும் குச்சியால் தொட்டு வைத்தாலே போதும், ஒரு சொட்டு தேவைப்படும் இடத்தில் நாம் ஐந்து சொட்டு வைக்கிறோம். பெரிய பரப்பு என்றால் பசைக் குச்சியோ இரட்டைப் பக்க டேப்போ நல்லது. வெள்ளைப் பசைதான் போட வேண்டும் என்றால் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி, இரண்டு தாள்களிலும் இழை ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வைத்துவிடுங்கள். சாதாரண செல்லோ டேப்பை வெளியே தெரியும் இடத்தில் ஒட்டாதீர்கள். நாளாக நாளாக மஞ்சளாகி, பிசுபிசுப்பைத் தாளில் விட்டுவிட்டு உரிந்துவிடும்.

கையில் பிரிண்டர் தாள் மட்டும்தான் இருக்கிறது. இன்றே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். விசிறி வட்டம் செய்யுங்கள். இரண்டு ஏ4 தாள் போதும். ஒரு தாளை எடுத்து, அதன் குட்டை ஓரத்திலிருந்து தொடங்கி ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போங்கள். ஏறக்குறைய இருபது மடிப்பு வரும். முடிந்ததும் கையில் 21 சென்டிமீட்டர் நீளக் குச்சி மாதிரி ஒன்று இருக்கும். அதன் சரிநடுவில் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். இரு நுனிகளையும் ஒரே மாதிரி சரிவாக வெட்டினால், விரித்தபின் ஓரம் இதழ் இதழாக இருக்கும். நடுவில் மடக்கி, பக்கத்தில் பக்கமாக வந்து நிற்கும் இரண்டு ஓரங்களையும் ஒட்டினால் அரைவட்டம். இரண்டாவது தாளிலும் இதேபோல் செய்து இரண்டையும் சேர்த்தால் முழுவட்டம், 21 சென்டிமீட்டர் விட்டத்தில்.

இதில் மடிப்பு இழைக்குக் குறுக்கேதான் வருகிறது என்று கவனித்தவர்களுக்கு ஒரு சபாஷ். 80 ஜி.எஸ்.எம். தாளில் அது பெரிய விஷயமில்லை. அட்டையில் செய்தால் தெரியும்.

ஒரு வட்டம் தனியாக இருந்தால் பள்ளிக்கூட விழா மாதிரி இருக்கும். ஐந்தோ ஏழோ, அளவு மாற்றி மாற்றி, எல்லாம் வெள்ளையிலேயே செய்து ஒன்றோடொன்று உரசும்படி சுவரில் ஒட்டிப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சம் விழும் சுவர் என்றால் மடிப்புகளின் நிழலே டிசைன் ஆகிவிடும்; வண்ணம் தேவைப்படாது.

காகிதத்தை மடித்தே உருவம் செய்யும் ஓரிகாமி ரொம்பக் கஷ்டமாமே?

வரைபடத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கஷ்டம் போய்விடும். உள்பக்கம் மடிக்கும் கோடு, வெளிப்பக்கம் மடிக்கும் கோடு, திசை காட்டும் அம்பு என்று இன்று உலகமெங்கும் புழங்கும் குறியீட்டு முறைக்கு அடித்தளம் போட்டவர் ஜப்பானின் அகிரா யோஷிசாவா. 1911இல் பிறந்து 2005இல் மறைந்தவர். அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் எந்த மொழிப் புத்தகத்தை வைத்தும் மடிக்கலாம்.

எல்லாரும் கொக்கில்தான் தொடங்குகிறார்கள். கழுத்தும் வாலும் கோணலாகிப் போய் அதோடு விட்டுவிடுகிறார்கள். நான் சொல்வது சோனோபே துண்டு. சதுரத் தாளில் பத்துக்கும் குறைவான மடிப்புகளில் ஒரு துண்டு தயார். ஒரு துண்டின் முனையை இன்னொன்றின் பைக்குள் செருகினால் பசையே இல்லாமல் நிற்கும். ஆறு துண்டு சேர்த்தால் கனசதுரம், பன்னிரண்டு சேர்த்தால் எட்டுக் கூம்புகள் உள்ள நட்சத்திரப் பந்து, முப்பது சேர்த்தால் அதைவிடப் பெரிய பந்து. ஒரு துண்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மற்றவை சேர்ந்து அதை மறைத்துவிடும். தொலைபேசியில் பேசிக்கொண்டே மடிக்கலாம். மேசையில் பேப்பர்வெயிட் மாதிரி உட்கார்ந்திருக்கும், ஆனால் எடையே இருக்காது.

சதுரத் தாள் தனியாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஏ4 தாளின் ஒரு மூலையை எதிர் ஓரத்துக்குக் கொண்டுவந்து முக்கோணமாக மடித்து, மிச்சத்தை வெட்டினால் 210 மில்லிமீட்டர் சதுரம். மிஞ்சும் 87 மில்லிமீட்டர் அகலப் பட்டையைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், புத்தக அடையாள அட்டைக்கும், மெல்லிய பட்டைகளைச் சுருட்டி ஒட்டி அலங்காரம் செய்யும் குயில்லிங்குக்கும் ஆகும்.

ஏ வரிசைத் தாள்களைப் பற்றி இன்னொன்று. நடுவில் பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. 1922இல் ஜெர்மனியில் வகுத்த தரம் இது. கைவினை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு லாபம்: ஏ4 தாளை நான்காக மடித்த வாழ்த்து, சி6 உறைக்குள் சரியாக உட்காரும். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் டி.எல். என்ற நீள உறை. உறைகளை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ப அட்டை வெட்டினால் அளவெடுக்கும் வேலையே இல்லை.

குயில்லிங்குக்கு இயந்திரம் வாங்கலாமா?

பல்குத்தும் குச்சியின் நுனியைப் பிளந்து, அதில் பட்டையைச் செருகிச் சுற்றுங்கள். பட்டைகள் 3 அல்லது 5 மில்லிமீட்டர் அகலம் என்றால் அழகு. இது பொறுமை இருப்பவர்களுக்கு. எனக்கு ஒரு பூவுக்கு மேல் போனால் சலித்துவிடுகிறது.

காகிதப் பூ செய்தால் பூ மாதிரியே இல்லை.

கிரேப் தாளில் செய்யுங்கள். அதில் சுருக்கங்கள் ஒரே திசையில் வரிவரியாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிகள் இதழின் அடியிலிருந்து நுனி நோக்கிப் போகும்படி வெட்ட வேண்டும். வெட்டிய இதழின் நடுவில் இரண்டு கட்டை விரல்களையும் வைத்து, மெதுவாகப் பக்கவாட்டில் இழுங்கள். தாள் விரிந்து கிண்ணம் மாதிரி குழியும். நுனியை மட்டும் பென்சிலில் சுற்றி வெளிப்பக்கம் சுருட்டிவிடுங்கள். தட்டையாக இருந்த துண்டு இந்த இரண்டு அசைவில் இதழாகிவிடும். எல்லா இதழும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று அச்சு வைத்து வெட்டாதீர்கள். கையால் வெட்டிச் சிறிதும் பெரிதுமாக இருந்தால்தான் பூ நம்பும்படி இருக்கும்.

காகித விளக்கு செய்யலாமா? தீப்பிடிக்காதா?

எல்.இ.டி. பல்பு மட்டும் போடுங்கள். பழைய குண்டு பல்பும் ஹாலஜனும் கூடவே கூடாது. அவற்றின் மேற்பரப்பு தாளைக் கருக்கும் அளவுக்குச் சூடாகும். எல்.இ.டி. என்றாலும் பல்பு தாளைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், மேலே காற்றுப் போக வழி இருக்கட்டும். மெழுகுவத்தி ஏற்றிக் காகித மூடி போடும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

தாள் விளக்கின் அழகு, அது வெளிச்சத்தை எங்கும் சமமாகப் பரப்புவது. சிற்பி இசாமு நொகுச்சி 1951இல் ஜப்பானின் கிஃபு நகருக்குப் போய், அங்கே மூங்கிலும் கைத்தாளும் கொண்டு செய்த விளக்குகளைப் பார்த்து வடிவமைக்கத் தொடங்கிய விளக்குகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. வீட்டில் செய்யும்போது 120 ஜி.எஸ்.எம். வெள்ளைத் தாளை உருளையாகச் சுற்றினாலே போதும். ஊசியால் சீரான இடைவெளியில் குத்தி வைத்தால் விளக்கு எரியும்போது மட்டும் புள்ளிகள் தெரியும்.

அலுவலக மேசைக்கு என்ன பொருத்தம்?

வேலைக்கும் உதவுகிற பொருள். கிளிப்புகள் போட்டு வைக்க மடித்த பெட்டி, பேனாக் குழல், வயர்களில் கட்டும் பெயர்ச் சீட்டு இவையெல்லாம் தூசு படிந்து கிடக்காது, தினமும் கை படும். வாஷி டேப் என்ற அலங்காரக் காகித டேப் ஒரு சுருள் இருந்தால் பழைய கோப்புகளின் முதுகில் ஒட்டி அடையாளம் வைக்கலாம். உரித்தால் பெரும்பாலும் தடம் விடாது.

ஒட்டும் சீட்டுகளால் சுவரில் படம் செய்வதும் நன்றாக இருக்கும். அந்தச் சீட்டு பிறந்த கதை வேடிக்கையானது. 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் வலுவான பசை தேடப்போய், லேசாக ஒட்டி எளிதாக உரியும் பசையைக் கண்டுபிடித்தார். அது எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் வருடக்கணக்கில் கிடந்தது. 1980இல்தான் போஸ்ட்-இட் சந்தைக்கு வந்தது. சுவரில் ஒட்டும்போது சீட்டு சுருண்டு எழுந்து நிற்கிறதா? கட்டிலிருந்து கீழிருந்து மேலாக இழுத்து எடுப்பதால் வருவது அது. பசைப் பட்டை ஓடும் வாக்கில், பக்கவாட்டில் உரித்து எடுங்கள், சமமாக ஒட்டும்.

புகை உணர்கருவி, தீத்தெளிப்பான், அவசர வழிப் பலகை இவற்றின் அருகே எதையும் தொங்கவிடாதீர்கள். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வேண்டாம், நாள் முழுக்கப் படபடத்துப் பக்கத்து மேசைக்காரரின் பொறுமையைச் சோதிக்கும்.

அலங்காரத் தாள் வாங்காமல் எங்கிருந்து எடுக்கலாம்?

வீட்டுக்கு வரும் கடித உறைகளின் உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாமலிருக்க நீலத்திலும் சாம்பலிலும் நுண்ணிய கோலங்கள் அச்சடித்திருப்பார்கள். நாலைந்து வகை சேர்ந்தால் அருமையான ஒட்டுப்படம் செய்யலாம். பழைய வரைபடம், காலாவதியான நாட்காட்டி, பெயின்ட் நிற அட்டை, சுவர்த்தாள் மாதிரித் துண்டு, காகிதப் பை எல்லாம் நல்ல சரக்கு. மேப்பில் உறை செய்து அதில் வாழ்த்து வைத்துக் கொடுத்தால், வாங்குகிறவர் முதலில் உறையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

கடை ரசீதுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது வெப்பத்தில் கறுக்கும் தாள். வெயிலில் வைத்தால் எழுத்து மறைந்துவிடும், மேலே பூசியிருக்கும் ரசாயனமும் கைக்கு நல்லதல்ல.

சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது?

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 145 சென்டிமீட்டர். காட்சிக்கூடங்களில் பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு இது. பெரும்பாலான வீடுகளில் படங்கள் இதைவிட உயரத்தில்தான் மாட்டியிருக்கும். பலவற்றைக் கூட்டமாக மாட்டும்போது முதலில் தரையில் பரப்பி அடுக்கிப் பார்த்துவிட்டு, மொத்தக் கூட்டத்தின் நடுப்புள்ளியை அந்த உயரத்தில் வையுங்கள். சின்னக் காகித வேலைக்குப் பெரிய சட்டம் போட்டு, சுற்றிலும் வெள்ளை அட்டை இடம் தாராளமாக விட்டால் அதன் மதிப்பே வேறு.

கொஞ்ச நாளில் மஞ்சளாகிவிடுகிறது, நிறமும் வெளுக்கிறது.

செய்தித்தாள் மாதிரி மலிவான தாளில் மரத்திலிருந்து வந்த லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், தடுக்க வழியில்லை. வைத்துப் பாதுகாக்க நினைக்கும் வேலைக்கு அமிலமில்லாத் தாள் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நேர் வெயில் படும் சுவரைத் தவிருங்கள். குளியலறைப் பக்கமும் சமையலறைப் பக்கமும் ஈரத்தால் தாள் நெளியும். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதே சரி. தூசியைத் துணியால் துடைக்காதீர்கள், காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

பழையதாகிவிட்டால் எல்லாவற்றையும் மறுசுழற்சிக்குப் போடலாமா?

எல்லாவற்றையும் முடியாது. ஜிகினாத் தூள் தூவியது, பிளாஸ்டிக் பூச்சுள்ளது, வெள்ளிக் காகிதம் ஒட்டியது இவையெல்லாம் தாள் கழிவோடு சேராது. கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே இருந்தால் பெரும்பாலும் தாள்தான். மெல்ல விரிந்துகொண்டால் உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது. கம்பி, நூல், டேப் இவற்றைப் பிரித்து எடுத்துவிட்டுப் போடுங்கள். ஜிகினாவை முதலிலேயே வீட்டுக்குள் விடாமலிருந்தால் இன்னும் நல்லது. அது தாளில் இருப்பதைவிடத் தரையிலும் தலைமுடியிலும்தான் அதிக நாள் இருக்கும்.